பாலம் வருவதற்கு முன்னால் சொன்ன நன்றி

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

“இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்றீங்க, டீச்சர்?”

இது என்னிடம் ஒருவர் ஒருமுறை கேட்ட கேள்வி. வேலையில் இருந்த காலமெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்லியே பிழைத்தவள் நான். நிலா ஏன் கூடவே வருகிறது என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். செத்துப்போன ஆட்டுக்குட்டி பரலோகம் போகுமா என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஏன் டீச்சர் மீசை முளைக்கிறது என்றுகூட ஒருவன் கேட்டான். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் நம் தொகுதி எம்.எல்.ஏ. தன் அலுவலகத்தில், ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னால், மிகுந்த மரியாதையோடு கேட்ட இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் வரவில்லை. வாயைத் திறந்தேன், ஏதோ பழங்கதைதான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம். டவுன் பஸ் உங்கள் நகருக்கு வராமல் அலங்கார வளைவோடு திரும்பிப் போய்விடுகிறது, உன் மாமியார் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அங்கிருந்து வெயிலில் நடக்கிறார், சனிக்கிழமை எல்லாரும் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறோம், என்னைத்தான் பேசச் சொல்கிறார்கள் என்றாய். “அம்மா, நீங்க பாலத்துக்காகப் போயிருக்கீங்கல்ல, எப்படிப் பேசணும்?” என்று கேட்டாய். “பணிவா பேசு” என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது ஒரு பதிலே இல்லை. பணிவால் நாங்கள் பட்ட பாடு உனக்கு முழுசாகத் தெரியாது. நீ கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு நடந்தது. பாதிக் கதைதான் கேட்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன். “இதை வாட்ஸ்அப்புல நாலு வரியில அனுப்பலாமே” என்கிறார் உன் அப்பா. நாலு வரியில் சொல்லி முடிக்கிறவள் டீச்சர் வேலைக்கே வந்திருக்க மாட்டாள்.

நம் ஊர் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்த பாலம் உனக்குத் தெரியும். இரண்டு தென்னை மரத்தைச் சேர்த்துக் கட்டி, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மட்டும் மூங்கில். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் வயலுக்கெல்லாம் சந்தோஷம். என் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் துக்கம். அக்கரைத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருவது நின்றுபோகும். அக்கரைச் செல்வி அப்படித்தான் நின்றாள். ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள், வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாலும் சொல்லுவாள். ஆறாம் வகுப்புக்குப் பூதலூர் போக வேண்டும். நிறைந்து ஓடுகிற வாய்க்காலைத் தினமும் அந்த மரத்தில் தாண்டவேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நான் சொல்கிற சமயத்தில் அவளுடைய மகள் ஒன்றாம் வகுப்பு. செல்வி தினமும் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்து, புத்தகப் பையைக் கழுத்தில் மாட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மரத்தில் நடந்து வருவாள். “இவ வளந்துட்டா தூக்க முடியாதே டீச்சர், அப்புறம் என்ன பண்றது?” என்று ஒருநாள் கேட்டாள். அம்மாவைத்தான் அந்த வாய்க்காலிடம் விட்டுவிட்டோம், மகளையும் விடுவதா என்றுதான் நான் கிளம்பினேன். பாலம் என்றால் எனக்கு அந்தப் பிள்ளைதான்.

ஒரு வேன் பிடித்தோம். ஊரில் நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏறினார்கள். எம்.எல்.ஏ. அலுவலகம் என்றால் காப்பி கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு. உன் அப்பா பட்டு ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். நம் சபைப் போதகர் வந்தார். டிராக்டர் வைத்திருக்கிற மாணிக்கம் வந்தார். செல்வியை நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அழைத்துப் போனேனே தவிர, அங்கே போனதும் அவள் கூட்டத்துக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றதைக் கவனிக்கவில்லை.

இங்கே நம் போதகரைப் பற்றி உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். கேட்பதைக் கிடைத்துவிட்டதாகவே நம்பி முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுவது அவருடைய ஜெப வழக்கம். உனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய முதல் ஞாயிறே, “சகோதரி பெனிட்டாவுக்கு நீர் கிருபையாய்த் தந்த மணமகனுக்காக ஸ்தோத்திரம்” என்று ஆராதனையில் ஜெபித்தாரே! கிரேஸ் அத்தை கோயில் வாசலிலேயே என் கையைப் பிடித்து, “நிச்சயம் வரைக்கும் போயாச்சு, ஒரு வார்த்தை சொல்லல இல்ல? நாங்க என்ன வேத்து மனுசங்களா?” என்று அழுதாள். அப்போது உன் போட்டோவைக் கேட்டுக்கூட ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளையே இல்லாத நிச்சயத்துக்கு அவளைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பார்.

எம்.எல்.ஏ. வந்ததும் எல்லாரும் எழுந்தோம். நல்ல மனிதர், “உக்காருங்க, உக்காருங்க” என்றார். நாற்காலி பாதிப் பேருக்குத்தான் இருந்தது. “ஒரு சின்ன ஜெபத்தோட ஆரம்பிச்சிரலாமா ஐயா?” என்றார் போதகர். “தாராளமா” என்று அவர் கையைக் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். போதகரின் சின்ன ஜெபம் எவ்வளவு நீளம் என்பது உனக்குத் தெரியும். வானம், பூமி, காவேரி எல்லாவற்றையும் தொட்டுவிட்டுக் கடைசியில் வாய்க்காலுக்கு வந்தார். “எங்கள் அருமை சட்டமன்ற உறுப்பினர் ஐயா மூலமாய் நீர் எங்களுக்குக் கட்டித் தந்த பாலத்துக்காகக் கோடானுகோடி ஸ்தோத்திரம். இனி அக்கரைப் பிள்ளைகள் கால் நனையாமல் பள்ளிக்கூடம் போகிறதற்காக நன்றி. ஐயா அவர்களின் கைகளின் கிரியையை ஆசீர்வதியும்” என்றார். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் ஆமென் சொன்னோம். மாணிக்கம் சாமி கும்பிடுகிற ஆள், அவரும் சொன்னார். நானும் சொன்னேன்.

எம்.எல்.ஏ. கண்ணைத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது. “இந்த அறைக்கு வர்றவங்க எல்லாம் கேக்கத்தான் வருவாங்க பாஸ்டர். நன்றி சொல்ல வண்டி புடிச்சு வந்தது நீங்கதான்” என்றார். பிறகு பக்கத்தில் நின்ற உதவியாளர் பக்கம் சாய்ந்து, “எந்தப் பாலம்யா?” என்று மெதுவாகக் கேட்டார். அந்தத் தம்பிக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் முடியவில்லை. “அதாண்ணே… அந்தப் பக்கம்… அந்தப் பாலம்” என்றான். “ஆமாமா” என்றார் எம்.எல்.ஏ. அந்த நேரம் பார்த்து உன் அப்பா பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

ஏழாம் வகுப்பில் நீ சைக்கிள் கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? காலையிலிருந்து அப்பாவின் செருப்பைத் துடைத்தாய், காப்பி ஆற்றிக் கொடுத்தாய், “அப்பா மாதிரி யாருக்கு வரும்” என்றாய். சாயங்காலம் வரை சைக்கிள் என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. அவர் பயந்துபோய், “உண்மையைச் சொல்லு, எதை ஒடச்ச?” என்றார். பாராட்டு மட்டும் தனியாக வந்தால், கேட்கிறவருக்கு இஷ்டப்பட்ட அர்த்தத்தில்தான் அது போய்ச் சேரும். உன் அப்பா பயந்தார், எம்.எல்.ஏ. சந்தோஷப்பட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நன்றியெல்லாம் முடிந்தது, வேறு ஏதாவது உண்டா என்கிற மாதிரி, “இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்றீங்க, டீச்சர்?” என்றார். பாலத்துக்கு இப்போதுதானே நன்றி சொன்னோம், அதையே எப்படிக் கேட்பது? எங்கிருந்தாவது தொடங்குவோம் என்று, “இந்த வாய்க்கால் ராஜா காலத்துல வெட்டுனதுங்க ஐயா…” என்று ஆரம்பித்தேன். நான் ராஜாவை விட்டு இறங்குவதற்குள் மாணிக்கம், “மதகு ஷட்டர் துருப்புடிச்சுக் கெடக்குங்க” என்றார். ஒருவர் முதியோர் பென்ஷன் என்றார். ஒருவர் சுடுகாட்டு விளக்கு என்றார். உன் அப்பா, எங்களோடு வந்த உன் அப்பா, “பூதலூர்ல ரெண்டு எக்ஸ்பிரஸ் நின்னா நல்லாயிருக்கும்” என்றார். எம்.எல்.ஏ. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் ஆட்டினார். காப்பி வந்தது. உதவியாளத் தம்பி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

திரும்பும்போது வேனில் பாட்டெல்லாம் பாடினார்கள். பொன்னாடை அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று பேசினார்கள். பாட்டு ஓய்ந்தபோது கடைசி சீட்டிலிருந்து செல்வி கேட்டாள். “டீச்சர், பாலம் எப்ப வரும்?” டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

அன்றைக்கே அந்த போட்டோ போனில் சுற்ற ஆரம்பித்தது. பாலம் அமைத்துத் தந்த சட்டமன்ற உறுப்பினருக்கு நேரில் நன்றி சொன்ன கிராம மக்கள் என்று மேலே எழுதியிருந்தது. நடுவில் நான், ஆமென் சொன்ன வாயோடு. அடுத்த வாரம் அவர் ஒரத்தநாட்டில் ஒரு கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து நம் பாலத்தைப் பற்றிப் பேசினார் என்று பேராவூரணியிலிருந்து உன் பெரியப்பா போன் செய்து வாழ்த்தினார். அது வரைக்கும் சிரிப்புதான். பிறகு நான் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். ஓவர்சியர் என்னைப் பார்த்ததும், “உங்க ஊருக்குத்தான் பாலம் வந்துருச்சே டீச்சர், போட்டோ பாத்தேனே” என்றார். அங்கேதான் எனக்கு உறைத்தது. கேட்காமல் விட்டிருந்தால்கூடக் கேட்காத ஊர் என்று இருந்திருப்போம். இப்போது வாங்கி முடித்த ஊராகிவிட்டோம். வாங்கி முடித்த ஊருக்கு யார் மறுபடி தருவார்கள்?

ஊரில் எல்லாரும் போதகரைப் பிடித்துக்கொண்டார்கள். “நான் விசுவாசத்துல சொன்னேன்” என்றார் அவர், பாவம். “உங்க விசுவாசத்து மேல நான் டிராக்டரை ஓட்டிக்கிட்டுப் போகவா பாஸ்டர்?” என்றார் மாணிக்கம். அதோடு நில்லாமல், ‘எங்கள் ஊர்ப் பாலத்தைக் காணவில்லை’ என்று கடைத்தெரு முழுக்கப் போஸ்டர் ஒட்டலாம் என்று கிளம்பினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக விடை சொல்லும்போது, எல்லார் முன்னாலும் தப்பு என்று அடித்துச் சொன்னால் அவன் அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு சண்டை போடுவான். “இன்னொரு தடவை படிச்சுப் பாருப்பா” என்றால் தானே திருத்திக்கொண்டு, தானே கண்டுபிடித்த மாதிரி எழுந்து நிற்பான். அந்தப் பெருமையை நாம் விட்டுக்கொடுத்தால் போதும், விடை சரியாகிவிடும். “போஸ்டர் ஒட்டினா அவருக்கு அவமானம்தான் வரும் மாணிக்கம், நமக்குப் பாலம் வராது” என்றேன். “வாத்தியார் வேலை பாத்தவங்ககிட்ட வாயைக் குடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார், போஸ்டரை விட்டுவிட்டார்.

மறுபடியும் ஓவர்சியரிடம் போனேன். இந்தத் தடவை ராஜா காலத்தைப் பேசவில்லை. யார் என்ன செய்தால் பாலம் வரும் என்று மட்டும் கேட்டேன். “போட்டோவைப் பாத்து வேற நிதியில வந்துருச்சுன்னு நெனச்சுட்டேன் டீச்சர். நாங்க எஸ்டிமேட் எப்பவோ போட்டாச்சு. வாய்க்கால் எங்களது இல்ல, நீர்வளத்துறையோடது. அவங்க ஆட்சேபணை இல்லைன்னு ஒரு என்.ஓ.சி. குடுக்கணும். அது வந்தா எம்.எல்.ஏ. நிதியிலேயே போட்டுரலாம். கேட்டுப் பாத்தாச்சு, நாங்க கேட்டா யாரு அசையறா?” என்றார். பார், இவ்வளவுதான் விஷயம். வாழ்நாள் முழுக்க நான் பிள்ளைகளுக்குச் சொன்னது இதுதான்: கணக்கைக் கொடுத்ததும் ரவி சந்தைக்குப் போனான், மாம்பழம் வாங்கினான், பாதி அழுகிவிட்டது என்று ரவியோடு அலையாதே, கடைசி வரியைப் பார், என்ன கேட்டிருக்கிறது என்று. நான் எம்.எல்.ஏ.விடம் போனபோது கடைசி வரியே இல்லாத ஒரு கணக்கைக் கொண்டுபோயிருந்தேன். அவர் என்ன செய்வார், பாவம். விடை எழுத இடம் தேடித்தான் என்னைக் கேட்டார்.

இரண்டாம் தடவை வேன் கிடையாது, பொன்னாடை கிடையாது, உன் அப்பாவும் கிடையாது. ரயில் நிற்கிற விஷயத்தை மறப்பேன் என்று அவர் உறுதி கொடுக்க மறுத்துவிட்டார். நானும் செல்வியும் பஸ்ஸில் போனோம். தன்னால் வந்த வினை என்று போதகரும் வந்தார். வாயைத் திறப்பதில்லை என்று என்னிடம் சத்தியம் மாதிரி ஒன்று செய்திருந்தார். பேசப்போவது செல்வி என்று முன்பே முடிவு. “நான் எப்படி டீச்சர், எனக்குக் கைகால் ஒதறுது” என்றாள். “மரத்துல நடக்கறப்ப ஒதறலையா?” என்றேன். சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாக்கி, பஸ்ஸில் என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரருக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

உதவியாளத் தம்பி எங்களைப் பார்த்ததும், “திரும்பவும் நன்றியா டீச்சர்?” என்று சிரித்தான். “இல்ல தம்பி, இந்தத் தடவை கேக்க வந்திருக்கோம்” என்றேன். பாலம் இன்னும் வரவில்லை என்றதும் எம்.எல்.ஏ. முகம் மாறிவிட்டது. “என்ன டீச்சர் சொல்றீங்க? அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டு நன்றி சொன்னீங்களே!”

“அது கடவுள்கிட்ட சொன்னதுங்க ஐயா. அவரு நன்றியை முன்னாடியே வாங்கிக்குவாரு. உங்ககிட்ட முதல்ல கேக்கணும்ங்கறதை நாங்க மறந்துட்டோம்.”

உதவியாளத் தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். “நான் மேடையில வேற பேசிட்டேனே” என்றார் எம்.எல்.ஏ. “அதுக்கு என்னங்க ஐயா, நீங்க பேசுனது பேசுனதாவே இருக்கட்டும். பாலம் மட்டும் பின்னாடி வந்து சேந்துக்கட்டும்” என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தவனைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, அதே கேள்வியைக் கேட்டார். “சரி, இப்ப நான் என்ன செய்யணும்?”

செல்வி ஒரு அடி முன்னால் வந்தாள். “தண்ணி தொறக்கறதுக்குள்ள என்.ஓ.சி. குடுக்கச் சொல்லி, வாய்க்கால் ஆபீசருக்கு நீங்க இப்பவே ஒரு போன் போடணும்ங்க ஐயா.” அதோடு நிறுத்திவிட்டாள். எம்.எல்.ஏ. அடுத்ததுக்காகக் காத்திருந்தார். வழக்கமாக அடுத்தது ஒன்று வரும் அல்லவா? “அவ்வளவுதானாம்மா?” என்றார். “அவ்வளவுதாங்க.” அவருக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும். போனை எடுத்தார். அவர் அந்த ஆபீசரிடம் பேசியதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். “ஏங்க, நான் குடுத்து முடிச்ச பாலத்துக்கு நீங்க இன்னும் என்.ஓ.சி. குடுக்கலையாமே, என்னங்க இது?” அப்புறம் உதவியாளரிடம், “நிதியில இதை எழுதிக்க” என்றார். போதகர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமென் தொண்டை வரைக்கும் வந்திருக்கும்.

அந்த வருஷம் தண்ணீர் முந்திக்கொண்டது. காகிதம் வருவதற்குள் வாய்க்கால் நிறைந்துவிட்டது, செல்வி இன்னொரு போகம் பிள்ளையை இடுப்பில் தூக்கினாள். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு போனில் எல்லாம் முடிந்துவிடாது, நடுவில் நான் அந்த உதவியாளத் தம்பிக்கு அடிக்கடி போன் செய்து, பையன் எப்படிப் படிக்கிறான் என்று விசாரித்துவிட்டு, காகிதம் எங்கே நிற்கிறது என்றும் கேட்டுக்கொண்டிருந்தேன். சம்பா அறுத்து வாய்க்கால் காய்ந்த பிறகு கம்பி கட்டினார்கள். இப்போது அந்தப் பிள்ளை கைப்பிடிச் சுவர் ஓரமாகச் செருப்புக் காலோடு நடந்து வருகிறாள். தினமும் நடுப்பாலத்தில் நின்று தண்ணீரில் எச்சில் துப்பிவிட்டுத்தான் வருகிறாள். கண்டிக்க வேண்டும், மனசு வரவில்லை.

திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. வந்தார். போதகரை ஜெபிக்கக் கூப்பிட்டோம். “பாஸ்டர், இன்னிக்கு முடிஞ்ச வேலைக்கு மட்டும் நன்றி சொல்லுங்க” என்றார் எம்.எல்.ஏ. கையைக் கட்டிக்கொண்டே. ஊரே சிரித்தது. போதகரும் பாலத்தை விட்டு நகராமல்தான் ஜெபித்துக்கொண்டு வந்தார். முடிக்கிற இடத்தில் மனிதருக்கு முடியவில்லை. “பாலத்திலிருந்து அக்கரைத் தெரு வரைக்கும் நீர் தந்த தார் ரோட்டுக்காகவும் ஸ்தோத்திரம்” என்றுவிட்டார். எம்.எல்.ஏ. ஒரு கண்ணை மட்டும் திறந்து உதவியாளரைப் பார்த்தார். நான் கண்ணை மூடவேயில்லை, அதனால் பார்த்தேன். ரோடு இன்னும் வரவில்லை. போன வாரம் வந்து அளந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

பெனி, நன்றியும் பொன்னாடையும் பஸ் வந்த பிறகு இருக்கட்டும். பஸ்ஸோடு சேர்த்துச் சாக்கடையையும் குப்பை வண்டியையும் கொண்டுவருகிறவர்களை வீட்டிலேயே காப்பி கொடுத்து உட்கார வை. உன் மாமியாரைப் பின்னால் நிற்க விடாதே. முழங்கால் அவருடையது, அவரே பேசட்டும். அதற்கு முன்னால் ஒன்று செய்து பார். நாளைக் காலையில் தோசை ஊற்றும்போது, அந்த எம்.எல்.ஏ. யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் உன் மாமியாரிடம் சொல்லு. கல்லில் இருக்கிற தோசை வேகிறதற்குள் அவர் அதை உன்னிடம் திருப்பிச் சொல்லட்டும்.